கட்டளையும் விதிவிலக்கும்: தமிழ்க் கிறித்தவத்தில் சாதியைக் காத்த மறைநூல் வாசிப்புகள்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத் திருச்சபைகளில் சாதி வேறுபாடு நிலைபெற்றதை, மதம் மாறியோர் பழைய வழக்கத்தைக் கைவிடாமையின் விளைவாக மட்டும் கொள்வது பொதுவான போக்கு. அவ்வேறுபாட்டுக்கு மறைநூலின் துணையும் தேடப்பட்டது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. சமத்துவம் பற்றிய கட்டளையை எவரும் மறுக்கவில்லை. அதன் ஆட்சி எல்லையே சுருக்கப்பட்டது. மதுரை, புதுச்சேரி, தரங்கம்பாடி, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை எழுந்த விவாதங்களும் எறையூரில் 2008இல் நிகழ்ந்த மோதலும் இதற்குச் சான்றாக ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தமிழ்க் கிறித்தவம், சாதி, மறைநூல் விளக்கம், மலபார்ச் சடங்குகள், இராசநாயக்கன், வேதநாயக சாஸ்திரியார், எறையூர்.

முன்னுரை

மண்டகப்பட்டைச் சூழ்ந்த விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரம் கிறித்தவச் சமய வரலாற்றில் இருவகை மரபுகள் சந்தித்த நிலப்பகுதியாகும். புதுச்சேரியை மையமாகக் கொண்ட கத்தோலிக்க மறைப்பணி இதன் சிற்றூர்களில் வேரூன்றியது. 1853இல் நிறுவப்பட்ட அமெரிக்க ஆற்காடு மிஷன் திண்டிவனத்தில் பணியாற்றியது. இவ்வட்டாரத்திற்குத் தெற்கே, அப்போது விழுப்புரம் மாவட்டத்திலும் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கும் எறையூரில், 2008 மார்ச் மாதம் வன்னியர் கத்தோலிக்கர்க்கும் தலித் கத்தோலிக்கர்க்கும் இடையே மோதல் மூண்டது. காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே நம்பிக்கை அறிக்கையைச் சொல்லி, ஒரே நற்கருணையைப் பெறுவோர் இரு தரப்பாக நின்ற மோதல் அது.

யாக்கோபு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம், தொழுகைக் கூட்டத்தில் ஒருவனுக்கு நல்ல இருக்கையும் மற்றொருவனுக்குக் காலடியில் இடமும் தருவதைப் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. அவ்வாறு செய்வது பாவம் என்றும் சட்டத்தை மீறுதல் என்றும் அது தீர்ப்பிடுகிறது. கட்டளை இவ்வளவு வெளிப்படையாக இருக்க, இருக்கையையும் கல்லறையையும் சாதியால் பிரித்த சபைகள் தம்மைக் கீழ்ப்படியாதவையாகக் கருதவில்லை. அது எவ்வாறு இயன்றது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. சமயமும் சமூகமும் எனும் பிரிவினை

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியன சமயச் சின்னங்கள் அல்ல, குலத்தையும் தகுதியையும் காட்டும் சமூகச் சின்னங்களே என்று வாதிட்டார். 15ஆம் கிரகோரி திருத்தந்தை 1623இல் வெளியிட்ட ஆணை இவ்வாதத்தை ஏற்று அவற்றுக்கு இசைவளித்தது. யூதருக்கு யூதனாகவும் திருச்சட்டம் இல்லாதோர்க்கு அவர்களைப் போலவும் ஆனதாகப் பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய பகுதி (1 கொரிந்தியர் 9) இத்தகைய தழுவலுக்கு இயல்பான மறைநூல் அடித்தளமாகும்.

எனினும் அப்பகுதியில் பவுல் தம் உரிமையைத் துறப்பதைப் பற்றியே பேசுகிறார். தம்மை எல்லார்க்கும் அடிமையாக்கிக்கொண்டதாகவே அவ்விளக்கம் தொடங்குகிறது. வலுவற்றவரோடு வலுவற்றவராதலும் அதில் அடங்கும். தமிழகத்தில் அத்தழுவல் மேல்நோக்கி மட்டுமே எளிதாக நிகழ்ந்தது. உயர்குலத்தார்க்கு உகந்த கோலம் பூண்ட குரு தாழ்த்தப்பட்டோரோடு வெளிப்படையாகப் பழக இயலாதவரானார். இவ்விடைவெளியை நிரப்ப 1640 முதல் பண்டார சுவாமிகள் என்னும் மற்றொரு வகைக் குருக்கள் ஏற்பட்டனர். பிறரை அடைவதற்கான வழியாகத் தொடங்கிய தழுவல், சிலரை அணுகாதிருப்பதற்குக் காரணமாகவும் மாறியது.

1623ஆம் ஆண்டு ஆணையின் முழு உள்ளடக்கம் இங்குக் கருதத்தக்கது. பூணூலுக்கு இசைவளித்த அதே ஆணை, குலப்பெருமை கொண்டோர் எளியோரை இகழாதிருக்கவும், குறிப்பாகக் கோயிலில் இறைவார்த்தையைக் கேட்பதிலும் அருட்சாதனங்களைப் பெறுவதிலும் அவர்களிடமிருந்து விலகி நில்லாதிருக்கவும் வேண்டிக்கொண்டது. இசைவு நடைமுறையாயிற்று, வேண்டுகோள் ஏட்டளவில் நின்றது. இத்தகைய தேர்ந்தெடுப்பு பின்னர் மறைநூல் வாசிப்பிலும் தொடர்ந்தது.

2. புதுச்சேரிக் கோயிற்சுவர்

திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை, அக்கால ஆவணங்கள் பறையர் எனக் குறிக்கும் மக்களின் வீடுகளுக்குச் சென்று நோயுற்றோர்க்குக் குருக்கள் அருட்சாதனம் வழங்க வேண்டும் என்றது. நோயுற்றோரைக் காணுதல் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரப்படி இறுதித் தீர்ப்புக்குரிய அளவுகோல். ஆயினும் இவ்வாணை நாற்பது ஆண்டுக்காலம் விவாதப்பொருளாகவே இருந்தது. 14ஆம் பெனடிக்ட் 1744இல் வெளியிட்ட ஆணையே மலபார்ச் சடங்குகள் பற்றிய விவாதத்தை முடித்துவைத்தது. அப்போதும் கண்டறியப்பட்ட வழி, தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனி மறைப்பணியாளரை அமர்த்துவதாகும். கட்டளை சொல்லளவில் நிறைவேறியது. அது அகற்ற விரும்பிய தீண்டாமை அந்த நிறைவேற்றத்தின் வழியாகவே நிலைத்தது.

அடுத்த ஆண்டு நிகழ்ச்சியொன்றை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்துள்ளது. புதுச்சேரிக் கோயிலின் உள்ளே வடபுறத்தில் ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. அதன் ஒரு பக்கம் தாழ்த்தப்பட்டோரும் மறுபக்கம் சாதிக் கிறித்தவர், ஐரோப்பியர், கலப்பினத்தார் ஆகியோரும் நின்று வழிபட்டனர். 1745 அக்டோபரில் தாழ்த்தப்பட்டோர் மூத்த குருவிடம் முறையிட, அவர் அச்சுவரை நீக்கச் செய்தார்; சாதிக் கிறித்தவர் திரண்டு எதிர்த்தனர்.

இந்நிகழ்ச்சியில் கட்டளையின் நேர்ப்பொருளை எடுத்துச் சென்றோர் சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்களே. மறைநூல் விளக்கத்தின் வரலாற்றில் இடம்பெறும் பெயர்களுள் அவர்களது பெயர்கள் இல்லை. ஆயினும் யாக்கோபு திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை அதன் பொருள்வழி வாசித்தவர்களாக அவர்களைக் கருத இடமுண்டு.

3. இராசநாயக்கனும் 'வலுவற்ற சகோதரர்' வாதமும்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, புளூட்சோ ஆகியோர் தொடங்கிய லூத்தரன் மிஷன், மறைநூலே இறுதி அதிகாரம் என்னும் கொள்கையை உடையது. தமிழில் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சிட்டதும் அம்மிஷனே. ஆகவே சாதி பற்றிய மறைநூற் சோதனை அங்குக் கூர்மையாக நிகழ்ந்திருக்க வேண்டும்.

தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் கத்தோலிக்கராக இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான மறைநூலைப் படித்து லூத்தரன் சபைக்கு வந்தவர். உபதேசியாராக அவர் ஆற்றிய பணியை மறைப்பணியாளர்கள் போற்றினர். 1733இல் வேளாளரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். 1741இல் தியோகு பெற்றார். தாழ்த்தப்பட்ட குலத்தவரான இராசநாயக்கனுக்கு அது வழங்கப்படவில்லை. அவர் கையால் திருவிருந்து வழங்கப்பெற்றால் உயர்சாதிக் கிறித்தவரிடையே அச்சடங்கின் மதிப்புக் குன்றிவிடும் என்பது மறைப்பணியாளர் கூறிய காரணம். அவரது தகுதியையோ நம்பிக்கையையோ எவரும் ஐயுறவில்லை.

இக்காரணம், 1 கொரிந்தியர் 8, உரோமையர் 14 ஆகிய அதிகாரங்களில் பவுல் கூறும் வலுவற்ற சகோதரர்க்கு இடறல் ஆகாதிருத்தல் என்னும் நெறியின் அமைப்பையே கொண்டது. சிலைக்குப் படைத்ததை உண்ணும் உரிமை உடையவன், மனச்சான்று நலிந்தவனுக்காக அவ்வுரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அந்நெறி. அதில் இழப்பு வலியவனுக்குரியது. தரங்கம்பாடியில் நிலம், கல்வி, குலமதிப்பு ஆகியவற்றால் வலியோர் 'இடறத்தக்கோர்' என்னும் இடத்தில் வைக்கப்பட்டனர். இழப்பு இராசநாயக்கனுக்கு உரியதாயிற்று. வசனம் மாறவில்லை; அதனுள் நிற்போர் இடம் மாற்றப்பட்டனர். மறைநூலைப் படித்துச் சபைக்கு வந்த ஒருவர், மறைநூல் நெறியொன்றின் சாயலுடைய காரணத்தால் பீடத்திலிருந்து விலக்கப்பட்டார்.

4. தஞ்சாவூர் வழக்கு

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்விவாதம் வெளிப்படையாயிற்று. சுவார்ட்சின் மாணவரும் பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியருமான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), சாதி வழக்கத்தை மாற்ற முனைந்த புதிய மறைப்பணியாளரை எதிர்த்து 1829இல் எழுதினார். சாதி உலகியல் ஒழுங்கைச் சார்ந்தது, மீட்புக்குத் தடையன்று, முன்னைய மறைப்பணியாளர் அதனைப் பொறுத்துக்கொண்டனர் என்பன அவர் தரப்பின் மையக் கருத்துகள். ஐரோப்பியர் தம்மிடையே உயர்வு தாழ்வு பேணிக்கொண்டு தமிழர் வழக்கத்தை மட்டும் கண்டிப்பது முறையன்று என்னும் குற்றச்சாட்டும் அதில் உண்டு.

இக்குற்றச்சாட்டு எளிதில் புறக்கணிக்கத்தக்கதன்று. புதிய மறைப்பணியாளர் சாதியோடு மலர் சூடுதல், தமிழிசைப் பாடல் முதலியவற்றையும் ஒருங்கே விலக்க முற்பட்டனர். பண்பாட்டு உரிமையும் சாதி உரிமையும் ஒரே முறையீட்டுக்குள் வந்ததால், முன்னதன் நியாயம் பின்னதற்கும் நிழல் தந்தது. பிறர் குறையைச் சுட்டுவது தன் குறையை நீக்கிவிடாது என்பதும் உண்மை. பிறர் கண்ணின் துரும்பு பற்றிய நற்செய்திப் போதனை இரு தரப்பையும் நோக்கியதே.

கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833 ஜூலை மாதம் எழுதிய சுற்றுமடல், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முழுமையாகவும் கைவிடப்பட வேண்டும் என்றது. தனித்தனிப் பாய்களில் அமர்தல், வெவ்வேறு நேரத்தில் திருவிருந்துக்கு வருதல் முதலிய வழக்கங்கள் அவர் காலத்துப் பதிவுகளில் காணப்படுகின்றன. ஆணையை ஏற்காத பலர் சபையை விட்டு விலகினர். அவர்களுட் கணிசமானோர் பின்னர் லைப்சிக் மிஷனைச் சார்ந்தனர். திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த கார்ல் கிரவுல் (1814–1864) அம்மிஷனின் இயக்குநராகச் சாதியைப் பெரிதும் சமூக ஒழுங்காகக் கண்டு, கட்டாயத்தால் அன்றிப் போதனையால் அது மெல்ல மறைய வேண்டும் என்றார். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இதற்கு மாறாக, சாதியை நற்செய்திக்குப் பெருந்தடையாக அறிவித்து, பிற குலத்தாரோடு சேர்ந்து உண்ணுதலை அதனைத் துறந்ததற்குச் சான்றாக ஏற்றது. ஆற்காடு மிஷனும் தொடக்கம் முதல் இந்நிலைப்பாட்டையே மேற்கொண்டது.

5. கலாத்தியர் திருமுகமும் பந்தியும்

இவ்விவாதங்கள் அனைத்தும் ஓரிடத்தில் குவிகின்றன. கிறிஸ்துவுக்குள் யூதர், கிரேக்கர், அடிமை, உரிமைக் குடிமகன் என்னும் வேறுபாடு இல்லை எனக் கலாத்தியர் 3:28 கூறும் ஒருமை ஆன்மிக அளவினதா, பந்தியையும் இருக்கையையும் உள்ளடக்கியதா என்பதே அது. ஆன்மிக அளவினது என்னும் விளக்கத்திற்கு ஒரு வலிமை உண்டு: அதே வசனம் கூறும் ஆண், பெண் வேறுபாடு திருமுழுக்கால் உலகியலில் மறைந்துவிடுவதில்லை.

எனினும் வசனத்தை அதன் திருமுகத்திலிருந்து பிரித்தால் மட்டுமே இவ்விளக்கம் நிற்கும். முந்தைய அதிகாரத்தில் பவுல் ஒரு பந்தி நிகழ்ச்சியை எடுத்துரைக்கிறார். அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பேதுரு எக்கோட்பாட்டையும் மறுக்கவில்லை. எழுந்து வேறிடம் சென்றார், அவ்வளவே. அதனையே நற்செய்தியின் உண்மைக்கு ஒவ்வாத நடத்தை என்று பவுல் எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். ஆகவே 3:28 எழுவதற்கான சூழலே உடனுண்ணுதல் பற்றிய சிக்கலாகும். ஒருமையை ஆன்மாவுக்கு ஒதுக்கிப் பந்தியை உலகியலுக்கு ஒதுக்கும் விளக்கம், பேதுருவைக் குற்றமற்றவராக்கிப் பவுலை வீண் சினம் கொண்டவராக்கிவிடும். பேதுருவின் விலகலுக்குக் காரணம் வந்தவர்களைப் பற்றிய அச்சம் என்பதும் தரங்கம்பாடி முடிவோடு ஒப்பிடத்தக்கது.

6. அறிக்கையும் நடைமுறையும்

20ஆம் நூற்றாண்டில் விளக்க அளவிலான விவாதம் ஏறத்தாழ முடிவுற்றது. 1982இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சாதிப் பாகுபாட்டைக் கடவுளுக்கும் மனிதகுலத்திற்கும் எதிரான பாவம் என அறிவித்தது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசிய இரண்டாம் யோவான் பவுல், கிறித்தவர்க்கிடையிலான சாதிய மனப்பான்மையைக் கண்டித்தார். ஐந்தாண்டு கழியுமுன் எறையூர் நிகழ்ச்சி நடந்தது.

எறையூர்த் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கோரினர். சமத்துவம் வேண்டுவோர் பிரிவினை கேட்பது முரண் போலத் தோன்றலாம். ஒரே கோயிலில் சம இடம் மறுக்கப்பட்ட நீண்ட பட்டறிவின் பின்னணியில் அக்கோரிக்கையை வைத்துப் பார்த்தால் அம்முரண் நீங்கும். அரசியல் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்ட 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, கிறித்தவரான தலித் மக்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கிறித்தவத்தில் சாதி இல்லை என்னும் கோட்பாட்டின் பெயரால் சட்ட உரிமையையும், சாதி உலகியல் சார்ந்தது என்னும் விளக்கத்தின் பெயரால் சபை உரிமையையும் அவர்கள் இழந்தனர். ஒன்றுக்கொன்று முரணான இரு வாதங்களின் சுமையையும் ஒரே மக்கள் தாங்கியுள்ளனர்.

முடிவுரை

ஆராயப்பட்ட நிகழ்ச்சிகளில் மூவகை வாசிப்புகள் புலனாகின்றன. கட்டளையை ஆன்மிக எல்லைக்குள் அடைத்தல் முதலாவது. விட்டுக்கொடுக்கும் கடமையை வலியோரிடமிருந்து எளியோர்க்கு மாற்றுதல் இரண்டாவது. தற்காலிகமான தழுவலை முன்னோர் மரபாக்கி நிலைநிறுத்தல் மூன்றாவது. மூன்றாவதற்கு நற்செய்தியிலேயே ஒப்புமை உண்டு: காணிக்கை நேர்ச்சையைக் காட்டிப் பெற்றோரைப் பேணும் கடமையைத் தவிர்த்தோரை இயேசு கண்டித்தது மாற்கு 7ஆம் அதிகாரத்தில் காணப்படுகிறது. அவர்களும் சமய விதியொன்றைக் கைக்கொண்டே இறைக்கட்டளையை மீறினர்.

இவ்வாசிப்புகளைச் செய்தோர் அனைவரும் வஞ்சகர் அல்லர். பலர் கற்றோர், பக்தி மிக்கோர், தமிழுக்குத் தொண்டாற்றியோர். அதனாலேயே இவ்வரலாறு கவனத்திற்குரியதாகிறது. ஒரு விளக்கத்தின் செம்மையை அளக்க, அதனால் எவர் எதனை இழக்க நேர்கிறது என்னும் வினாவையும் எழுப்ப வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. தமிழ்க் கிறித்தவத்தின் விளக்க மரபு எழுதப்படும்போது சாஸ்திரியாரின் முறையீட்டோடும் வில்சனின் மடலோடும், 1745இல் சுவரை நீக்கக் கோரியோரின் வாய்மொழி முறையீடும் மறைநூல் விளக்கமாகவே கொள்ளப்பட வேண்டும்.