பச்சைத் துணி மேசையும் லயத்துக் கரம் பலகையும்

விளையாட்டுப் பொருட்கள் வரலாற்று மூலங்களாகக் கொள்ளப்படுவது அரிது. கல்வெட்டும் காணி உறுதியும் தரும் சான்றினை ஒரு மேசையும் சில பந்துகளும் தரமாட்டா என்பதே பொதுவான எண்ணம். ஆயினும் மலையகத் தோட்டங்களின் சமூக வரலாற்றைப் பொறுத்தவரை, துரைமாரின் கழகங்களில் இடம்பெற்றிருந்த பில்லியட்ஸ் மேசை பல அரசாங்க அறிக்கைகளைக் காட்டிலும் தெளிவாகப் பேசுகின்றது எனலாம்.

அமெரிக்க நகரங்களில் பழைய ‘பின்போல்’ பொறிகளைத் தேடிச் சேகரித்து, பழுது நீக்கி, தம் இளமைக்காலத்தை மீட்டுக்கொள்வோர் பலர் உளர். அப்பொறியின் குலவரலாறு பிரான்சில் தொடங்குகின்றது. பாரிஸ் நகரை அடுத்த பகட்டேல் மாளிகையில் 1777ஆம் ஆண்டளவில் ஆடப்பட்டதாகக் கூறப்படும் சிறு மேசை விளையாட்டு அம்மாளிகையின் பெயரையே பெற்றது. பில்லியட்ஸ் மேசையைக் குறுக்கி, ஊசிகளையும் குழிகளையும் பொருத்தியதே அதன் அமைப்பு. 1871இல் மொன்டேகு ரெட்கிரேவ் என்பார் பந்தை உந்தும் சுருள்வில்லை அதனுடன் இணைத்து அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1931இல் கொட்லீப் நிறுவனத்தின் ‘பஃபிள் போல்’ பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தோரின் கைச்சில்லறைக்குக் கிடைத்த மலிவான பொழுதுபோக்காயிற்று. அதனைச் சூதாட்டமெனக் கருதிய நியூயோர்க் நகர நிர்வாகம் 1942இல் தடைவிதித்தது. 1976 வரை அத்தடை நீடித்தது. ஏழைகளின் விளையாட்டு சட்டத்திற்கு அஞ்சி வாழ, அதன் மூதாதையான பில்லியட்ஸ் எங்கும் கனவான்களின் விளையாட்டாக மதிப்புடன் வாழ்ந்தது. இவ்வேறுபாட்டை இலங்கையின் மலைநாட்டில் இன்னும் கூர்மையாகக் காணலாம்.

நுவரெலியாவின் ‘ஹில் கிளப்’ 1876இல் நிறுவப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செய்கையை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைச் செய்கை இன்னும் வேரூன்றவில்லை. தொழில் சரிந்துகொண்டிருக்கையில் கழகம் எழும்பியது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் தனித்தனி மலைகளில், மைல்கணக்கான இடைவெளியில், தம் மொழி பேசுவார் எவருமின்றி வாழ்ந்த தோட்டத்துரைமாருக்குக் கழகமே ஊரும் உறவுமாக விளங்கியது. டிக்கோயாவை அடுத்த தரவளையிலும் தலவாக்கலையை அடுத்த ரதல்லையிலும் தோன்றிய கழகங்களும் இத்தேவையின் பிள்ளைகளே. தென்மேல் பருவமழை வாரக்கணக்கில் ஓயாது பொழியும் ஆடி மாதங்களில் வெளியரங்கு விளையாட்டுகளுக்கு வாய்ப்பில்லை. பில்லியட்ஸ் அறையே புகலிடம்.

அம்மேசை எளிய பொருளன்று. முழு அளவு மேசை 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. பச்சைக் கம்பளித் துணியின் கீழே கனத்த கற்பலகைகள் கிடக்கும். மொத்த நிறை ஒரு தொன்னுக்கும் மேல். ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் இருப்புப்பாதை வந்து சேருமுன், மலைக்கு ஏறிய பாரம் எதுவாயினும் மாட்டுவண்டியாலோ மனிதத் தோளாலோ ஏறியதேயாம். அத்தோள்களுக்குரியோர் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

பந்துகளின் கதை வேறு. பில்லியட்ஸ் பந்துகள் யானைத் தந்தத்தில் கடையப்பட்ட காலம் அது. இலங்கை ஆண் யானைகளுள் மிகச் சிலவற்றிற்கே கொம்பு உண்டு. ஆயினும் மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரி ஏறத்தாழ 1,400 யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகக் கூறப்படுகின்றது. 1845இல் மின்னல் தாக்கி இறந்த அவரது கல்லறை நுவரெலியாவிலேயே உண்டு. விளையாட்டுக்குத் தந்தமும் வேண்டியதில்லை, கொலையே விளையாட்டாயிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

கழகத்தின் கதவு யாருக்குத் திறந்தது என்பதே இங்கு முதன்மையான வினா. இலங்கையர் எவரும் ஹில் கிளப்பில் அங்கத்தவராக நெடுங்காலம் ஏற்கப்படவில்லை. உள்ளே நுழைந்த சுதேசிகள் ஏவலாளர்கள் மட்டுமே. அவர்களுள் ‘மார்க்கர்’ எனப்பட்டவனின் நிலை தனியானது. ஆட்டப் புள்ளிகளைக் கணக்கிடுவதும், துணியைத் தூரிகையால் வருடி இஸ்திரி போடுவதும், ஆட்டக்கோல்களைப் பேணுவதும் அவன் பணி. மலைப்பனியின் ஈரத்தில் துணி நனைந்தால் பந்தின் ஓட்டம் தளரும். அதனைச் சீராக்கும் நுட்பம் அறிந்தவன் அவனே. மேசையை முழுமையாக அறிந்தவனுக்கு அம்மேசையில் ஆடும் உரிமை இருக்கவில்லை. தேயிலையைப் பறித்தவளுக்குத் தூள்தேநீரே வாய்த்த அதே நியதி இதுவும்.

இவ்வெல்லை மதிற்சுவராலன்றி வழக்கத்தால் காக்கப்பட்டது. தேயிலைத் தொழில் பயில அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் வந்த மார்க் அன்ரனி பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர், மடுல்கலையிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் தொழிலாளருடன் நெருங்கிப் பழகியமையால் வேலையிழந்தார். பின்னர் சமசமாஜக் கட்சி மேடைகளில் தோட்டத்தொழிலாளருக்காகப் பேசினார். 1937இல் அவரை நாடுகடத்த ஆளுநர் ஸ்ரப்ஸ் ஆணையிட்டார். உயர்நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. கழகத்துக்குரியவன் லயத்தின் பக்கம் நடந்தால் அது அரசியற் குற்றமாயிற்று.

லயத்தை இப்போது நோக்கலாம். 10 அடிக்கு 12 அடி என்பதே லயத்து அறையின் வழமையான அளவு: 120 சதுர அடி. அதனுள் ஒரு குடும்பம் உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று வாழ்ந்தது. பில்லியட்ஸ் மேசை மட்டும் 72 சதுர அடியை அடைத்துக்கொள்ளும். ஆட்டக்கோலை வீசுவதற்குச் சுற்றிலும் ஐந்தடி விட்டால் 22 அடிக்கு 16 அடி, அதாவது 352 சதுர அடி கொண்ட அறை வேண்டும். மூன்று குடும்பங்களுக்குரிய இடத்தில் இருவர் பந்து தள்ளினர் என்பது மிகைக்கூற்றன்று, கணக்கு.

லயத்து இளைஞரின் மேசை கரம் பலகையே. 29 அங்குலச் சதுரம், நான்கு குழிகள், பத்தொன்பது காய்கள். தோட்டத்து வாசிகசாலையிலும் இளைஞர் மன்றத்திலும் அரிக்கன் லாம்பின் கீழே, நாலு பேர் ஆட நாற்பது பேர் பார்க்கும் ஆட்டம் அது. மழைக்காலத்தில் பலகை ஊறிக் காய் ஓடாதபோது மாவைத் தூவிச் சரிசெய்யும் கைப்பக்குவம் மார்க்கரின் நுட்பத்திற்குச் சற்றும் குறைந்ததன்று. குழியில் காய் வீழ்த்துவது, விளிம்பில் மோதவிட்டுத் திருப்புவது, எதிரியின் காயை மறைப்பது என ஆட்டத்தின் தத்துவம் இரண்டிற்கும் ஒன்றே. ஒரே ஓர் ஏற்றம் உண்டு: கரம் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த தோட்டத்திற்குப் போகலாம்.

1973இல் பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டியில் எம். ஜே. எம். லாபீர் வெற்றிபெற்று, விளையாட்டுத்துறையில் உலகப் பட்டம் வென்ற முதல் இலங்கையரானார். கனவான்களின் ஆட்டம் அவர்கள் கையைவிட்டு நழுவியதற்கு இதுவே சாட்சி. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின, துரைமார் ஊர்திரும்பினர். இன்று ஹில் கிளப் விடுதியாக இயங்குகின்றது. தற்காலிக அங்கத்துவக் கட்டணம் செலுத்துவோர் பழைய பில்லியட்ஸ் அறையைக் கண்டு மகிழலாம். அம்மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் அவ்வறையின் ஏக்கம் மேசையின் ஒரு பக்கத்தாருக்கு மட்டுமே உரியது.

மறுபக்கத்தாரின் பயணம் வேறு திசையில் அமைந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வகைசெய்தது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ரயிலேறித் தலைமன்னார் வழியே இராமேஸ்வரம் சென்றோருள் ஒரு பகுதியினர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறிக்கலாயினர். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற படை அதிகாரி உருவாக்கிய ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882இல் எழுதி மாட்டப்பட்ட உதகமண்டலக் கழகம் அதே நீலகிரியிலேயே உள்ளது. மலை மாறினும் கழகமும் தோட்டமும் முன்போல அருகருகே இருந்தன.

மேசைகளையும் கோப்பைகளையும் புகைப்படங்களையும் சேகரித்து வைக்கச் சுவர்கள் இருந்தன. லயத்தின் மாலைப்பொழுதுகளுக்கு அத்தகைய சுவர் இருக்கவில்லை. காமன் கூத்தும் கும்மியும் தெம்மாங்கும் ஆடியவரோடு கப்பலேறின. வட்டகொடை மடக்கும்புரை தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தொழிற்சங்கப் பணிக்கிடையே தோட்டந்தோட்டமாகத் தேடித் தொகுத்த பாடல்கள் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் பெயரில் 1983இல் நூலுருப் பெற்றன. அடுத்த ஆண்டே அவர் காலமானார்.