இசைத்தட்டுகளும் மறுமதிப்பீடும்



ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றாலும், ஆசிரியனுக்குரிய ஒரு பழக்கம் மட்டும் ஓய்வு பெறுவதில்லை. எதைக் கண்டாலும் மதிப்பெண் இடவேண்டும் என்று கை நினைக்கும். விடைத்தாளுக்கு இட்ட மதிப்பெண் தவறாகிவிட்டால் மறுமதிப்பீடு செய்யலாம், திருத்திக்கொள்ளலாம். ஆனால் விடைத்தாளையே கிழித்துப் போட்டுவிட்டால் என் செய்வது? அத்தகைய தவறு ஒன்றை நானே செய்திருக்கிறேன். அதனை ஒளிக்காமல் உங்களுக்குச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

என் தந்தையார் இசையில் மிகுந்த நாட்டமுடையவர். அவர் விட்டுச் சென்ற செல்வம், சாவி கொடுத்துச் சுழலவிடும் ஒரு கிராமபோன் பெட்டி, மின்சாரத்தால் இயங்கும் மற்றொரு பெட்டி, நாற்பத்தோர் இசைத்தட்டுகள். எங்கள் ஊர் வழக்கில் அவற்றைப் 'பிளேட்டு' என்போம். 1986-ஆம் ஆண்டு, நான் வரலாற்று ஆசிரியனாகப் பணியேற்ற புதிது. அவ்வாண்டுக் கோடை விடுமுறையில், எல்லாத் தட்டுகளையும் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் இட்டேன். பாட்டின் இனிமைக்கு 50, ஒலியின் தெளிவுக்கு 30, தட்டின் நிலைமைக்கு 20 என்பது நான் வகுத்துக்கொண்ட முறை.

அண்மையில் இத்தட்டுகளை ஒரு கல்லூரி நூலகத்திற்கு அளித்துவிட முடிவு செய்தேன். கொடுப்பதற்கு முன் மீண்டும் கேட்டேன். பழைய குறிப்பேடும் கையில் இருந்தது. கேட்கக் கேட்க, தட்டுகளைவிட என் மதிப்பெண்களே பழுதுபட்டவை என்பது தெரியலாயிற்று.

அதனை விளக்குமுன், இசைத்தட்டின் வரலாற்றைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நலம்.

மனிதக் குரலைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை எடிசன் 1877-இல் அமைத்தார். அது உருளையில் பதிவது. தட்டையான வட்டத் தட்டில் பதியும் கிராமபோனை எமில் பெர்லினர் 1887-இல் கண்டார். உருளையினும் தட்டுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு மூல அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளை எளிதில் அழுத்தி எடுக்கலாம். புத்தகத்திற்கு அச்சு எந்திரம் செய்த உதவியைப் பாட்டுக்கு இத்தட்டு செய்தது எனலாம்.

1902-இல் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே கௌஹர் ஜான் என்னும் பெரும் பாடகியின் குரலைப் பதிந்தார். பாட்டின் முடிவில் அப்பெண்மணி தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவித்தார். தற்பெருமையினால் அன்று. பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்றன; அங்கேதான் தட்டுகள் ஆயின. இந்திய மொழி அறியாத தொழிலாளர், எது யாருடைய பாட்டு என்று அறிந்து பெயரேடு ஒட்டுவதற்கு அந்தக் குரலே அடையாளமாக உதவிற்று. 1908-இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை அமைந்தது.

தென்னாட்டிலும் பதிவு தொடங்கியது. இசைவாணர் பலர் எந்திரத்தின்முன் பாட அஞ்சினர்; குரல் போய்விடும் என்னும் அச்சமும் உலவியது. துணிந்து முன்வந்தவருள் பெண்மணிகள் பலர். காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி ஆகியோரின் குரல்கள் அக்காலத் தட்டுகளால்தான் நமக்குக் கிடைத்துள்ளன.

அக்காலத் தட்டு அரக்கினால் ஆனது. நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுற்றும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் பாடும். 1925 வரையில் மின் ஒலிவாங்கி கொண்டு பதியும் முறை வரவில்லை. பாடுவோர் ஒரு பெரிய ஊதுகுழலின் வாயில் முகம் வைத்து உரக்கப் பாடவேண்டும். மெல்லிய குரலும் மெல்லிய நாதமும் அதில் சரியாக ஏறா. 1948-இல்தான் வினைலால் ஆன நெடுந்தட்டு வந்தது. அது நிமிடத்திற்கு 33⅓ சுற்றே சுற்றும். ஒரு பக்கமே இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலிக்கும்.

இனி என் மறுமதிப்பீட்டைக் கேளுங்கள்.

எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டு ஒன்று. 1986-இல் நான் இட்டது 48. 'குரல் மிக உயர்ந்து ஒலிக்கிறது. இரைச்சல் உண்டு' என்று எழுதியிருக்கிறேன். அக்குரல் ஏன் உயர்ந்தது என்று நான் கேட்கவில்லை. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருந்தவனுக்கும் கேட்கவேண்டும் என்று பழகிய குரல் அது. கிட்டப்பா 1906-இல் பிறந்து 1933-இல் மறைந்தார். தமிழ்ப் பேசும் படம் 1931-இல் தோன்றியும், அவர் திரையில் தோன்றாமலே மறைந்தார். அவர் பாடிய மேடைகள் இன்றில்லை. அவர் பாட்டைக் கேட்ட செவிகளும் இல்லை. எஞ்சியிருப்பவை அவருடைய தட்டுகளே. 48-ஐ அடித்து 92 என்று திருத்தினேன்.

அடுத்தது, டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத் தோடி. பழைய மதிப்பெண் 96. இப்போது 80. மாணவர்களே, வியப்படைய வேண்டா. இசையில் குறை கண்டு குறைக்கவில்லை. திருவிழாக்களில் ஒரே இராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசித்தவர் அவர். தட்டிலோ பக்கத்திற்குச் சில நிமிடங்களே. கடலைச் செம்பில் முகந்தால் நீரின் சுவை தெரியும், ஆழம் தெரியாது. 'ராஜரத்தினம் இப்படித்தான் வாசித்தார்' என்று இத்தட்டைக் காட்டி ஒருவர் வாதிட்டால், அது பிழையாகும். சிறந்த சான்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நினைவூட்டவே 16 மதிப்பெண்களைக் குறைத்தேன்.

மூன்றாவது, டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல். 'நாம் இருவர்' படத்தில் இடம்பெற்றது. பழைய மதிப்பெண் 70. 'இனிமை, ஆனால் தட்டில் கீறல்' என்பது குறிப்பு. அப்போது ஆண்டை நான் பார்க்கவில்லை. அப்படம் 1947-இன் தொடக்கத்தில் வெளிவந்தது. நாடு விடுதலை பெற்றதோ ஆகஸ்டு 15-இல். விடுதலையை அடைந்துவிட்டோம் என்று களித்தாடும் அப்பாடலை, 1921-இலேயே மறைந்துவிட்ட கவிஞர் எழுதினார். விடுதலைக்குச் சில திங்கள் முன்னரே பட்டம்மாளின் குரல் அதனை ஊரூராகக் கொண்டு சென்றது. 1947-இல் மக்கள் நெஞ்சில் இருந்த எதிர்பார்ப்பை எந்த அரசாணையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. புதிய மதிப்பெண் 90.

நான்காவது, 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் கதைவசனத் தட்டு. இதற்கு நான் இட்டது 20. என் கோபத்திற்குக் காரணம் உண்டு. கட்டபொம்மன் ஜாக்சனைச் சந்தித்தது பற்றிய வினாவுக்கு, ஒரு மாணவன் பாடநூலை விட்டுவிட்டு, படத்தின் வசனத்தையே இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அவனுக்குச் சுழியம் இட்டேன். அச்சினம் தட்டின்மேலும் பாய்ந்தது. இராமநாதபுரத்தில் அச்சந்திப்பு நிகழ்ந்தது 1798-இல். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799-இல். திரையில் நாம் கேட்கும் பேச்சோ, 1959-இல் வந்த படத்தில் இடம்பெற்றது; சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. ஆகவே, 1799-க்கு இத்தட்டு சான்றாகாது. ஆனால் 1959-க்கும் அதனை ஒட்டிய ஆண்டுகளுக்கும் இது நல்ல சான்று. என் சிறுவயதில் கோயில் திருவிழா என்றாலும், திருமணம் என்றாலும், தென்னை மரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் இவ்வசனம் முழங்கும். எழுத்தறியாத முதியவர்களும் அதனை மனப்பாடமாகச் சொல்வார்கள். தம் நாட்டின் பழைய வீரத்தையும் தம் மொழியின் மிடுக்கையும் அம்மக்கள் எவ்வாறு நினைக்க விரும்பினார்கள் என்பதை இது காட்டுகிறது. தட்டுக்கு இப்போது 75. அம்மாணவனின் விடைக்கு மட்டும் இன்றும் சுழியமே!

ஐந்தாவது, எம். எஸ். சுப்புலட்சுமி 1966 அக்டோபர் 23-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடிய கச்சேரியின் நெடுந்தட்டு. உலக அமைதியை வேண்டி ராஜாஜி ஆங்கிலத்தில் இயற்றிய பாடலும் அக்கச்சேரியில் ஒலித்தது. பழைய மதிப்பெண் 98. அதனை மாற்றவில்லை. எனினும் ஒன்று எண்ணினேன். இத்தட்டு என் பெட்டியில் இல்லாது போயினும், அவ்விசை உலகத்திற்கு இழப்பாகாது. படிகள் பல உண்டு. மதிப்பு மிக்கது வேறு. காப்பாற்றியே தீரவேண்டியது வேறு. இரண்டும் எப்போதும் ஒன்றாவதில்லை.

இவ்வெண்ணம் தோன்றியபோதுதான் குறிப்பேட்டில் 17-ஆம் எண்ணைக் கண்டேன். அங்கே என் கையெழுத்தில் இருந்ததை அப்படியே படிக்கிறேன்:

'பெயரேடு தேய்ந்துவிட்டது. பெண்குரல். ஒரு பக்கம் மட்டுமே பாட்டு. மறுபக்கம் வெறுமை, இறகினால் தட்டின்மேல் எழுதும் ஒரு தேவதையின் உருவம் அழுத்தப்பட்டுள்ளது. இரைச்சல் மிகுதி, பாதியில் அலுப்புத் தட்டுகிறது. முடிவில் ஏதோ கூவுகிறார், பொருள் இல்லை. மதிப்பெண் 12. கைத்தொழில் வகுப்புக்குக் கொடுத்துவிட்டேன்.'

அரக்குத் தட்டை வெந்நீரில் இட்டால் இளகும். விளிம்பை மடக்கிக் கிண்ணமாக்கலாம். என் மாணவர்கள் அவ்வாறே செய்தார்கள். அக்கிண்ணத்தில் சில ஆண்டுகள் சுண்ணக்கட்டி வைத்திருந்தேன். பின்னர் அது கீழே விழுந்து உடைந்தது, பெருக்கித் தள்ளினோம்.

இன்று அக்குறிப்பைப் படிக்கும்போது, நான் வகுப்பில் கற்பித்த முறையிலேயே அதனை ஆராய முடிகிறது. ஒரு பக்கம் மட்டும் பதிந்த தட்டுகள், இந்நாட்டு ஒலிப்பதிவின் முதற் பத்தாண்டுக்கு உரியவை. எழுதும் தேவதை, கெய்ஸ்பர்க் பணியாற்றிய அதே நிறுவனத்தின் பழைய முத்திரை. நாயும் கிராமபோனும் சேர்ந்த புகழ்பெற்ற படம் பிற்காலத்தில் அதன் இடத்தைப் பிடித்தது. ஆகவே அது ஊதுகுழல் காலத்துத் தட்டு. நான் குறை கூறிய உரத்த குரல், அவர் குறையன்று, கருவியின் கட்டாயம். இரைச்சலோ, அதுவரை அத்தட்டைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் பதித்துச் சென்ற தேய்மானம்.

இறுதியில் அவர் கூவியது என்ன? கல்கத்தாவில் கௌஹர் ஜான் சொன்னதைப் போல, அவரும் தம் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்றே கருதுகிறேன். பெயரேடு தேய்ந்துபோனாலும் தம் பெயர் தேயாதிருக்க, தட்டுக்குள்ளேயே அதனைப் பதிந்து வைத்த பெண்மணி அவர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து அவர் தம் பெயரைச் சொன்னார். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் எதிரே அமர்ந்திருந்தான். 'பொருள் இல்லை' என்று எழுதிக்கொண்டான்.

அதே பதிவின் மற்றொரு படி, எங்கேனும் ஒரு வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். இருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் பாடியவர் பெயரும் பாட்டின் பெயரும் அறியாத நான், அதனை எப்படித் தேடுவேன்? கிட்டப்பாவுக்கு இழைத்த பிழையைப் பேனாவின் ஒரு கோட்டால் திருத்தினேன். இதனைத் திருத்த இயலவில்லை.

மாணவர்களே, நான் முன்னர் வகுத்த முறை இனிமை, தெளிவு, நிலைமை என்பது. அது கடையில் பொருள் வாங்குவோன் முறை. இன்று நான் கேட்கும் கேள்விகள் வேறு. இது யார் குரல்? எப்போது, எந்தக் கருவியில், எந்தக் கட்டாயத்தில் பதிந்தது? எதற்கு இது சான்று. எதற்குச் சான்று அன்று? இதனை இழந்தால் வேறெங்கும் கிடைக்குமா? கல்வெட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் கேட்கும் கேள்விகளே இவை. சிதைந்த கல்வெட்டைக் 'கல் சிதைந்தது' என்று எவரேனும் படிக்கல்லாகப் போட்டால் நாம் பதறுவோம். நானும் பதறியிருப்பேன். இசைத்தட்டும் ஒரு கல்வெட்டே என்று எனக்குத் தோன்றாதது என் அறியாமை.

உங்கள் இல்லங்களிலும் ஏதேனும் இருக்கும். தட்டு இல்லையெனினும், ஒலிநாடா இருக்கும். பாட்டியின் தாலாட்டு இருக்கும். வயலில் நடவுப் பாட்டுப் பாடிய ஒரு முதியவர் தெருக்கோடியில் இருப்பார். இன்று உங்கள் கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. பதிந்து வையுங்கள். பதியும்போது பாடுபவரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். கேட்கும்போது, அலுப்புத் தட்டினாலும் இறுதிவரை கேளுங்கள்.

எஞ்சிய நாற்பது தட்டுகளும் நூலகத்திற்குச் செல்கின்றன. குறிப்பேட்டையும் உடன் அனுப்புகிறேன். மற்ற வரிகளில் பழைய மதிப்பெண்ணை அடித்துப் புதியதை எழுதியிருக்கிறேன். 17-ஆம் வரியில் மட்டும் 12 அப்படியே இருக்கிறது. அதன் அருகே ஒரு குறிப்பு எழுதியுள்ளேன்: 'இது பாடியவர் பெற்ற மதிப்பெண் அன்று, கேட்டவன் பெற்றது.'