சொர்க்கவாசலில் யார் காவல்? – கால்சியமும் சில பெயர்களும்

2006இல் 'நேச்சர்' இதழில் ஸ்டெஃபான் ஃபெஸ்கேயும் சகாக்களும் ஒரு புரதத்துக்குப் பெயர் சூட்டினார்கள்: 'ஓராய்'. செல்லின் வெளிச்சவ்வில் கால்சியம் உள்ளே நுழைகிற துவாரம் அந்தப் புரதம். கிரேக்கப் புராணத்தில் ஓராய் என்பவர்கள் சொர்க்கத்தின் வாசலைக் காக்கும் சகோதரிகள். ஒழுங்கு, நீதி, சமாதானம் என்று மூன்று பேர். மூன்றும் சேர்ந்து வாசலில் நிற்பது என்றால் அது ஏறக்குறைய ஓர் அரசு. மனித உடலில் இந்தப் புரதத்துக்கு மூன்று வடிவங்கள் இருப்பதும் பெயருக்குத் தோதாகப் போய்விட்டது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்த உருவகத்தை விளக்கவே வேண்டாம். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின ராத்திரியே போய் உட்கார்ந்து, விடியற்காலையில் பரமபத வாசல் திறக்கிறபோது நெரிசலில் முண்டியடிக்கிற ஊர் அது. வாசல் என்றால் காவல். காவல் என்றால் யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்கிற அதிகாரம். பாணர் குலத்தவர் என்பதால் காவிரியின் அக்கரையிலேயே நின்று பாடிய திருப்பாணாழ்வார்மீது கல் விழுந்த கதையை வைணவ மரபே சொல்லி வைத்திருக்கிறது. ஃபெஸ்கே பெயர் வைத்த அதே 2006இன் டிசம்பரில்தான் ராஜகோபுரத்துக்கு எதிரே நின்ற பெரியார் சிலை உடைக்கப்பட்டது. ஏழு மதில்களுக்கு வெளியே நிற்கிற ஒரு சிலையையே பொறுக்க முடியவில்லை என்றால் வாசல் என்பது வெறும் கதவு அல்ல என்று தெரிகிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கமுடியாத பிரதேசமும் இது. 1953இல் டால்மியாபுரம் என்ற ரயில் நிலையப் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கேட்டுத் தண்டவாளத்தில் படுத்தார்கள்; துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. அந்தச் சண்டைக்குக் காரணமான சிமெண்ட் ஆலை அங்கே வந்ததற்குக் காரணம் சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம். அரியலூர்ப் பக்கம் தோண்டுகிற இடமெல்லாம் கிடைக்கிற அந்தக் கல், பழைய கடலொன்றின் உயிர்கள் விட்டுப்போன ஓடுகளின் மிச்சம். கால்சியத்தை வெளியே தள்ளி ஓடாகக் கட்டிக்கொண்ட உயிர்கள் அவை.

வெளியே தள்ளுவது ஓடு கட்ட மட்டும் அல்ல. ரத்தத்தில் இருக்கிற கால்சியத்தின் அடர்வு, செல்லுக்குள் சும்மா இருக்கும் நேரத்தில் இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு அதிகம். செல்லின் அன்றாட நாணயம் பாஸ்பேட். கால்சியம் தாராளமாக உள்ளே வந்தால் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிவாக இறங்கிவிடும், செல் கல்லாகிப்போகும். ஆகவே ஓயாமல் வெளியே இறைக்கிறது. இப்படி உள்ளே பஞ்சமாக வைத்திருப்பதாலேயே, கொஞ்சம் நுழைந்தாலும் அது சேதி ஆகிறது. தசை சுருங்குவதும் நரம்பு பேசுவதும் வெள்ளணு கிருமியோடு சண்டைக்குக் கிளம்புவதும் இந்தச் சேதியால்தான்.

இனி காவலுக்கு வருவோம். செல்லுக்குள்ளேயே எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்று ஒரு சவ்வுப்பின்னல் இருக்கிறது. கால்சியத்தின் உள்தொட்டி அதுதான். தொட்டி காலியானால் வெளிச்சவ்வின் துவாரம் திறக்கிறது என்று 1986இல் ஜேம்ஸ் புட்னி எழுதினார். உள்ளே காலியானது வெளிச்சவ்வுக்கு எப்படித் தெரிகிறது? ஏறத்தாழ இருபது வருஷம் இதற்கு விடை இல்லை. 2005இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக ஒரே புரதத்தில் வந்து நின்றன: 'ஸ்டிம்1'. அது புதிய புரதம்கூட இல்லை. எலும்பு மஜ்ஜை சம்பந்தமான ஆய்வில் 1990களிலேயே வேறு காரணத்துக்காகப் பெயர் பெற்றுக் கிடந்தது. வேலை தெரியாமல் பெயர் மட்டும் இருந்த புரதம்.

ஸ்டிம்1இன் ஒரு நுனி தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டி நிறைந்திருக்கும்வரை அந்த நுனியில் கால்சியம் ஒட்டியிருக்கிறது, புரதம் மடங்கிக் கிடக்கிறது. தொட்டி குறைந்தால் கால்சியம் கழன்றுபோகிறது, மடிப்பு குலைகிறது, குலைந்த நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பலாகின்றன, சவ்வுக்கு இந்தப்பக்கம் இருக்கும் மறு நுனி நீண்டு, பக்கத்தில் இருக்கிற வெளிச்சவ்வைத் தொட்டு, ஓராயைத் திறக்கிறது. தொட்டி நிரம்பினதும் எல்லாம் பழையபடி மடங்கிவிடும்.

இதைத்தான் 'கால்சியத்தை உணர்ந்து ஒழுங்குபடுத்துகிறது' என்று பாடப்புத்தகம் எழுதுகிறது. 'உணரி', 'வாயிற்காப்போன்', 'தூதுவர்' – செல் உயிரியலின் சொல்லாடல் முழுக்க ஒரு கோட்டையின் சொல்லாடல். யாரோ உட்கார்ந்து கண்காணிக்கிறார்கள், யாரோ உத்தரவு போடுகிறார்கள். மாடித்தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மிதக்கிற பந்தும் இறங்கிக் குழாயைத் திறந்துவிடுகிறது. அந்தப் பந்தை யாரும் காவலர் என்று சொல்வதில்லை. ஸ்டிம்1 செய்வது அதுதான். அதிலும் கவனிக்கவேண்டியது, அது வேலை செய்யத் தொடங்குவது எதையோ பெற்றதால் அல்ல, இழந்ததால். பிடித்திருந்தது கைவிட்டுப்போன பிறகுதான் அதற்கு அசைவு. அதிகாரத்தின் உருவகங்களில் இல்லாமைக்கு இடம் கிடையாது என்பதால் இந்தப் பாதி எப்போதும் விளக்கத்தின் கடைசி வரிக்குப் போய்விடுகிறது.

கால்சியத்தின் வரலாற்றையும் இப்படிக் காவலர்களின் வரலாறாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது ஆரம்பித்தது ஒரு 'தவறில்'. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக்கரைசலில் போட்டுத் துடிக்கவைத்தார். கரைசல் காய்ச்சி வடித்த நீரில் போட்டதல்ல, நியூ ரிவர் கம்பெனியின் குழாய்த் தண்ணீரில் போட்டது என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வடித்த நீருக்கு மாறியதும் துடிப்பு தளர்ந்து நின்றது. சுண்ணாம்பு மண்ணில் ஊறி வந்த தண்ணீரின் கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. 1883இல் ரிங்கர் இதை ஒளிக்காமல் எழுதினார். கரைசல் கலந்த உதவியாளர், தண்ணீர் வடிப்பதை வெட்டி வேலை என்று நினைத்துக் குழாயைத் திறந்துவிட்டதாக ஒரு கதை பின்னாளில் உலவியது. கரைசலுக்கு ரிங்கர் பெயர். ஆஸ்பத்திரியில் 'ரிங்கர் லாக்டேட்' என்று இன்றைக்கும் ஏற்றுகிறார்கள். உதவியாளருக்கு ஒரு துணுக்கில் இடம், அதுவும் சோம்பேறியாக.

அடுத்த கட்டம் டோக்கியோ. 1950களின் கடைசியில் செத்ஸுரோ எபாஷி, தசையைச் சுருங்கவைப்பது கால்சியம்தான் என்று சொன்னபோது மேற்கில் பெரும்பாலானோர் நம்பவில்லை. ஒரு சாதாரண உப்பு எப்படிக் கட்டளை ஆகும்? ஏதோ ஒரு நுட்பமான கரிமப்பொருள் இருந்தாக வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். 1965இல் எபாஷியும் அயாகோ கொடாமாவும் கால்சியத்தைப் பிடிக்கிற தசைப்புரதத்தைக் கண்டார்கள், அதுதான் ட்ரோபோனின். அதற்கப்புறம்தான் வாய் அடைத்தது. 1970இல் ஒசாகாவில் ககியூச்சியும் அமெரிக்காவில் வாய் யூ சியுங்கும் தனித்தனியே கண்டது 'கால்மோடுலின்': எல்லா விலங்குச் செல்லிலும் இருக்கிற, 148 அமினோ அமிலங்களே கொண்ட சின்னப் புரதம்.

இவை எல்லாம் கால்சியத்தைப் பிடிக்கிற கை ஒரே மாதிரி. கெண்டை மீன் தசைப்புரதம் ஒன்றில் 1973இல் ராபர்ட் கிரெட்சிங்கர் அதைப் படம் பிடித்தார்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரிந்தமாதிரி இரண்டு சுருள்கள், நடுவே 12 அமினோ அமிலங்களின் கண்ணி. கண்ணியின் ஆறாவது இடத்தில் ஏறக்குறைய எப்போதும் கிளைசின். கால்மோடுலினிலும் அப்படி, ஸ்டிம்1லும் அப்படி. ஏன் கிளைசின்? அந்த இடத்தில் சங்கிலி சடாரென்று திரும்பவேண்டும். பக்கக்கிளை உள்ள அமினோ அமிலங்கள் அப்படித் திரும்பினால் அணுவோடு அணு இடிக்கும். கிளை இல்லாத கிளைசினுக்குத்தான் அது சுலபம்.

எது இடிக்கும், எது இடிக்காது என்று வரைபடம் போட்டவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்து 1942இல் வெளியே வந்த ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்துக்காரர். இந்த ஊரில் சி.வி. ராமனுக்குத் திருவானைக்காவல் சொந்தம் கொண்டாடுகிற சத்தத்தில் இவர் பெயர் அதிகம் கேட்பதில்லை. இவரையும் சேர்த்துக்கொண்டு இன்னொரு விழா எடுக்கவேண்டும் என்பதல்ல என் கவலை. வரைபடம் எப்படி வந்தது என்பதே முக்கியம்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலும் தசைநாரும் ஆன கொலாஜெனை ஆராய்ந்தார். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம்; மாதிரி அங்கிருந்து வந்தது. தோலைத் தொட்டவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய நாட்டில், புரத அமைப்பியலின் ஒரு பெரிய அத்தியாயம் தோலிலிருந்து தொடங்கியது. 1954-55இல் மூன்று சங்கிலிகள் முறுக்கிய வடிவத்தை அவர்கள் வெளியிட்டதும், கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக்கும் ரிச்சும் மறுத்தார்கள்: உங்கள் மாதிரியில் அணுக்கள் இருக்கவேண்டியதைவிட நெருங்கி நிற்கின்றன. மையம் விளிம்புக்குச் சொன்ன திருத்தம் என்று இதைப் படிக்கலாம். ராமச்சந்திரன் கேட்டது வேறு: 'இருக்கவேண்டிய' தூரத்தை யார் அளந்தார்கள்? அதுவரை தெரிந்திருந்த படிகங்களையெல்லாம் திரும்பத் துருவினார். நினைத்ததைவிட நெருக்கமாகவே அணுக்கள் நிற்கக்கூடும் என்று தெரிந்தது. அதை வைத்து சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் அவரும், மேசைக் கணக்குப்பொறிகளோடு மல்லுக்கட்டி, 1963இல் வெளியிட்டதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கு உலகத்தில் எந்தப் புரதத்தின் வடிவத்தைத் தீர்மானித்தாலும் அதை இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். கால்மோடுலினின் அமைப்பை 1985இல் வெளியிட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் ஒய்.எஸ். பாபுவுக்கும் அதே வரைபடம்தான்.

அந்த வரைபடத்தில் கட்டளை இல்லை, காவல் இல்லை. இடம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் இருக்கிறது. புரதத்தின் 'உணர்தல்' என்று நாம் சொல்வதைக் கடைசிவரை பிரித்துக்கொண்டே போனால் வந்து நிற்பது இங்கேதான்.

ஓராய்க்குத் திரும்புகிறேன். அதைக் கண்டுபிடிக்க வழிவிட்டது, கிருமியை எதிர்க்கச் சக்தியில்லாமல் ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு குழந்தைகள். அவர்களது வெள்ளணுக்களுக்குள் கால்சியம் நுழையவில்லை. தொட்டி காலியாகிறது, வாசல் திறக்கவில்லை. உறவினர்களின் ரத்தத்தையும் வாங்கித் தேடியதில் தெரிந்தது, ஓராயின் 91ஆவது இடத்தில் ஆர்ஜினின் இருக்கவேண்டிய எடத்துல டிரிப்டோபேன், அதாவது பருத்த பக்கக்கிளை உள்ள ஒன்று, வந்து உட்கார்ந்திருக்கிறது. துவாரத்தின் வழியிலேயே அது அடைத்துக்கொண்டு நிற்கிறது. புரதத்துக்கு வானுலகச் சகோதரிகளின் பெயர் கிடைத்தது. அந்தக் குழந்தைகள் கட்டுரையில் 'நோயாளி' என்று இருக்கிறார்கள்.