வளைகோலும் பெட்டியும்

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்த்து 1932-இல் ஒரு லீக் தொடங்கியது. பெயர் இன்டர்-சிட்டி லாக்ராஸ் லீக். 1968-இல் வெஸ்டர்ன் லாக்ராஸ் அசோசியேஷன் என்று பெயர் மாறி, இன்றும் கோடைதோறும் நடக்கிறது. ஆட்டம் பாக்ஸ் லாக்ராஸ், தகுதி அமெச்சூர். லாக்ராஸ் என்பது வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் ஆட்டம். லாக்ராஸ், பாக்ஸ், அமெச்சூர் என்ற இந்த மூன்று சொற்களில் ஒன்றுகூட, ஆட்டத்தை உண்டாக்கிய பழங்குடி மக்களின் வாயில் பிறந்ததில்லை. ஆனால் மூன்றும் அவர்கள் தலையில் வந்து இறங்கியவை.

லாக்ராஸில் உள்ள ‘க்ரோஸ்’ என்றால் பிரெஞ்சில் முனை வளைந்த தடி. ஆங்கிலத்தில் ஊன்றுகோலைக் குறிக்கும் ‘க்ரட்ச்’ அதற்கு உறவு. பிஷப் ஏந்தும் கோலுக்கும் இதே சொல்தான். 1636-இல் வென்டாட் பழங்குடி மக்களிடையே வாழ்ந்த சேசு சபைப் பாதிரியார் ழான் தெ ப்ரெபெஃப், அவர்கள் ஆடிய ஆட்டத்தை இந்தப் பெயரால் குறித்து வைத்தார். வலை கட்டிய அந்தக் கோல் அவருக்கு பிஷப்பின் கோலை நினைவூட்டியது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. பிஷப்பை ஆயர் என்றே அழைக்கும் நமக்கு, மேய்ப்பனின் வளைதடிதான் அந்தக் கோல் என்பது சட்டென்று விளங்கும். கதையும் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிரான்சின் கிராமங்களில் வளைதடியால் பந்தடிக்கும் ஆட்டத்துக்கு அப்போதே ‘க்ரோஸ்’ என்ற பெயர் வழங்கியது. பாதிரியார் தன் நாட்டு ஆட்டத்தின் பெயரை எடுத்து அயலார் ஆட்டத்துக்குச் சூட்டினார் என்பதே இயல்பு. அதற்கு ஆலயம் வரை போக வேண்டியதில்லை.

ஊருக்கு நோய் கண்டால் அதைத் தீர்க்க இந்த ஆட்டத்தை ஆடச் சொல்வார்கள் என்றும் அவர் எழுதினார், குறை சொல்லும் தொனியில். இன்றும் ஹோடனோசோனி பழங்குடி மக்களுக்கு இது மருந்து. படைத்தவன் தந்த ஆட்டம். மோஹாக் மொழியில் இதற்குத் தெவாராதோன் என்று பெயர். செரோக்கி மக்கள் ‘போரின் தம்பி’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். இத்தனை பெயர்களையும் ஓரம் தள்ளிவிட்டு, கோலை மட்டும் சொல்லும் பிரெஞ்சுப் பெயர் நிலைத்தது. ஆட்டத்தின் உயிரை விட்டுவிட்டு உறுப்பைப் பிடித்துக்கொண்ட பெயர் அது.

மாண்ட்ரியாலின் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் 1867-இல் ஆட்டத்துக்கு எழுத்து விதிகள் தந்தார். ஆள் எண்ணிக்கை வரையறையானது. மான்தோல் பந்து போய் ரப்பர் பந்து வந்தது. அடுத்து வந்ததுதான் நான் நின்று பேச விரும்பும் சொல்: அமெச்சூர்.

அதுவும் பிரெஞ்சுதான். ‘நேசி’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நேசிப்பவன் என்பதே நேர்ப்பொருள். நம் கபடிச் சங்கங்களின் பெயரிலும் நாடகக் குழுக்களின் பெயரிலும் இது வெகுகாலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. காசுக்கு ஆடாதவர் என்று பொருள் கொள்கிறோம், மரியாதையாகவும் சொல்கிறோம். ஆனால் 1880-இல் கனடாவின் தேசிய லாக்ராஸ் சங்கம் தன் பெயருக்குள் இந்தச் சொல்லைச் சேர்த்தபோது அது கதவுக்குப் பூட்டு ஆனது. பழங்குடி அணிகள் ஆட்டத்துக்கு வரப் பயணச் செலவை வாங்கிக்கொண்டன. வாங்காவிட்டால் அவர்களால் ரயிலேற முடியாது. காசு வாங்கியவன் தொழில்முறை ஆட்டக்காரன், ஆகவே சாம்பியன்ஷிப்பில் ஆடக் கூடாது என்று விதி பேசியது. அந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக நேசித்தவர்கள், ‘நேசிப்பவன்’ என்ற சொல்லாலேயே வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஒரு சொல் தன் வேர்ப்பொருளுக்கு இவ்வளவு துரோகம் செய்ததாக வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

பாக்ஸ் என்ற சொல் வந்தது வியாபாரத்தால். ஐஸ் ஹாக்கி அரங்குகள் கோடையில் பூட்டிக் கிடக்கும். மாண்ட்ரியால் கனேடியன்ஸ் ஹாக்கி அணியின் உரிமையாளர்கள் லியோ டான்டுரானும் ஜோசப் கட்டாரினிச்சும் மற்றச் சிலரும் 1931-இல் லாக்ராஸை அந்த அரங்குக்குள் கொண்டுவந்தார்கள். பரந்த புல்வெளி ஆட்டம் ஏறத்தாழ 200 அடி நீளம், 85 அடி அகலத்துக்குள் அடங்கியது. சுற்றிலும் மரப்பலகைச் சுவர். வெளிக்கோடு என்பதே இல்லை. சுவரில் பட்ட பந்து திரும்பி வரும், ஆட்டம் நிற்காது. இன்றைய வழக்கப்படி கோல் காவலரோடு ஆறு பேர். கனடாவின் அமெச்சூர் ஆட்டத்தில் கோல் வாயில் நான்கடிக்கு நான்கடிதான், காவலரின் உடம்பே அதைப் பெரும்பாலும் அடைத்துவிடும். இந்த அடைப்புக்குத்தான் பாக்ஸ் என்று பெயர். பத்திரிகைகள் இரண்டு சொல்லையும் ஒடித்து ‘பாக்ஸ்லா’ என்று எழுதின.

பாக்ஸ் என்ற சொல்லே ஒரு மரத்தின் பெயர். கிரேக்கத்தில் இறுக்கமான மரம் தரும் ஒரு செடிக்கு இருந்த பெயர், அந்த மரத்தில் செய்த சிமிழுக்கு ஆகி, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவானது. நீராவியில் வளைத்த ஹிக்கரி மரக்கோலோடு, பலகைச் சுவருக்குள், பலகைத் தரையில் ஆடிய ஆட்டத்துக்கு மரத்தில் வேர்விட்ட சொல் வாய்த்தது தற்செயல்தான். ஆனாலும் அதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

அரங்கு முதலாளிகளின் தொழில்முறை லீக் இரண்டு பருவம் தாங்கவில்லை. அவர்கள் கைவிட்டதை அமெச்சூர் லீக்குகள் எடுத்துக்கொண்டன. கனடாவில் புல்வெளி ஆட்டத்தையே சில ஆண்டுகளில் பெட்டி விழுங்கிவிட்டது.

வான்கூவர் வட்டார லீக்கில், துறைமுகத்துக்கு வடகரையில் வாழும் ஸ்குவாமிஷ் மக்களின் அணி ஒன்று ஆடியது: நார்த் ஷோர் இண்டியன்ஸ். தமிழில் வாசிக்கும்போது அந்தப் பெயரில் நம் கால் ஒரு நொடி இடறும். கொலம்பஸ் 1492-இல் செய்த தவறு அது. நம் பெயரை ஐந்து நூற்றாண்டுகளாக அவர்கள் சுமக்கிறார்கள். ஸ்குவாமிஷ் தலைவர் ஆண்டி பால், நில உரிமைக்காகச் சட்டம் படித்துப் போராடியவர், இந்த அணியையும் நடத்தினார். கிழக்கே ஒன்டாரியோவில் ஹோடனோசோனி மக்கள் வாழும் சிக்ஸ் நேஷன்ஸ் பகுதியிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்துச் சேர்த்தார். 1936-இல் அணி டொரன்டோ வரை சென்று மான் கோப்பைக்கு மோதி, ஓரிலியா அணியிடம் தோற்றது. அந்தத் தங்கக் கோப்பை 1910-இல் ரயில்வே அதிபர் டொனால்ட் மான் அளித்தது. யாருக்கு? நாட்டின் தலைசிறந்த அமெச்சூர் அணிக்கு. 1880-இல் எந்தச் சொல் வாசலை அடைத்ததோ, அதே சொல்லின் கோப்பைக்கு அவர்கள் இறுதி ஆட்டம் ஆடினார்கள்.

இந்த லீக்கின் அணிப் பெயர்களையும் சொல்லாமல் விட மனமில்லை. நியூ வெஸ்ட்மின்ஸ்டர் ஊர் ஃப்ரேசர் ஆற்றின் சால்மன் மீனால் பிழைத்தது. எதிரணியினர் ‘சால்மன்பெல்லீஸ்’, அதாவது மீன்வயிறுகள், என்று கேலி செய்ததை அந்த அணி தன் பெயராகவே சூடிக்கொண்டது. மான் கோப்பையை வேறெவரையும்விட அதிக முறை வென்றதும் அவர்களே. அடனாக்ஸ் என்று இன்னொரு அணி: கனடா என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் வரும் பெயர். மரம் வெட்டும் நனைமோ ஊரின் அணி டிம்பர்மென். இவை எல்லாம் ஊர்க்காரர்கள் தாங்களே எடுத்துக்கொண்ட பெயர்கள். மேலிருந்து எவரும் சூட்டியவை அல்ல. சால்மன்பெல்லீஸ் இன்றும் ஆடுவது 1930-இல் கட்டிய குயின்ஸ் பார்க் அரங்கில், மரத்தரையில்தான்.

இப்படி ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்ட சொற்களில் பாக்ஸும் சேர்ந்துவிட்டது. ஹோடனோசோனி ஊர்களில் பலகை அடைத்து, கூரையில்லாமல், வானம் பார்த்துக் கிடக்கும் ஆடுகளங்கள் எழுந்தன. அவற்றுக்கு அரங்கம் என்றோ மைதானம் என்றோ பெயரில்லை. அங்கே பாக்ஸ் என்பது ஓர் இடம். நம் ஊரில் குளத்தங்கரை, திடல் என்பதைப் போல. மாலையில் கோலை எடுத்துக்கொண்டு கிளம்பும் பையனை எங்கே என்று கேட்டால், பாக்ஸுக்கு என்பான்.