இறால் வடையும் உணவுப் பாதுகாப்பும்

இறால் வடை, கொழும்பு காலிமுகத்திடலின் தள்ளுவண்டிகளில் விற்கப்படும் புகழ்பெற்ற கடலுணவுச் சிற்றுண்டி. சிங்களத்தில் ‘இஸ்ஸோ வடே’ எனப்படும். ஊறவைத்து அரைத்த பருப்பைத் தட்டி, மேலே முழு இறால்களைப் பதித்து எண்ணெயில் பொரிப்பார்கள். நறுக்கிய பச்சை வெங்காயமும் காரச் சாறும் சேர்த்துப் பரிமாறுவது வழக்கம்.

மாசு சேரும் வழிகள்

கொதிக்கும் எண்ணெயில் நன்றாக வெந்த வடையில் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆபத்து பொரித்த பின்னரே தொடங்குகிறது. காசு வாங்கிய கையால் வடையை எடுப்பது, பச்சை இறால் நறுக்கிய பலகையிலேயே வெங்காயத்தையும் நறுக்குவது, ஒரே வாளித் தண்ணீரில் பாத்திரங்களைத் திரும்பத் திரும்ப அலசுவது, பொரித்ததைக் கண்ணாடிப் பெட்டியில் மணிக்கணக்கில் அடுக்கி வைப்பது ஆகியவை முக்கியக் காரணங்கள்.

நோய்க்கிருமிகள்

*விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்:* கடல்நீரிலும் கடலுணவிலும் இயல்பாக வாழ்வது. 1950இல் ஜப்பானின் ஒசாகாவில், அரைகுறையாக உலர்த்திய மத்திக் குஞ்சுகளை உண்டவர்களில் 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோது, சுனேசபுரோ புஜினோ இதைக் கண்டறிந்தார். ஏற்ற சூழலில் சுமார் 10 நிமிடங்களில் இரட்டிப்பாகும். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வயிற்றோட்டம் உண்டாக்கும்.

*ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ்:* மனிதரின் மூக்கிலும் தோலிலும் இருப்பது. கைவழியே உணவில் சேரும். இதன் நச்சு வெப்பத்தைத் தாங்குவதால், ஆறிய வடையை மீண்டும் சுடவைத்தாலும் அழியாது. உண்ட 30 நிமிடம் முதல் 8 மணி நேரத்துக்குள் வாந்தி வரும்.

*ஈ.கோலி:* உணவிலோ நீரிலோ மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் அடையாளம்.

தடுப்பு

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஐந்து நெறிகள்: சுத்தம் பேணுதல், பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வைத்தல், நன்றாகச் சமைத்தல், உரிய வெப்பநிலையில் வைத்தல், பாதுகாப்பான நீரையும் பொருட்களையும் பயன்படுத்துதல். உணவின் உட்பகுதி 70 பாகை செல்சியசை எட்டவேண்டும். 5 முதல் 60 பாகை வரை கிருமிகள் விரைந்து பெருகுமாதலால், சமைத்ததை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. வாங்குபவருக்கு முன்னே பொரித்து, இடுக்கியால் எடுத்துத் தருவதே பாதுகாப்பானது.

சட்டமும் பொறுப்பும்

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் உணவு விற்பனை இடங்களைச் சோதிக்கின்றனர். எனினும் வழக்கும் தண்டமும் மட்டும் போதா. கை கழுவ ஓடும் நீர் இல்லாத வியாபாரியிடம் சுத்தத்தை எதிர்பார்க்க முடியாது. குழாய் நீர், கழிப்பறை, கழிவகற்றல் ஆகியவற்றை விற்பனை இடத்திலேயே அமைத்துத் தருவதும் உணவுப் பாதுகாப்பின் பகுதியே.