துண்டுக்கு அடியில்

ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கப்போகிறது என்றால், அதை ஊகிப்பதில் நமக்கெல்லாம் கல்யாணப் பேச்சைப் போல ஓர் ஆனந்தம்.

1999 நவம்பரில் அப்படி ஒரு சம்பந்தம் முடிந்தது. சென்னையிலிருந்த சத்யம் இன்ஃபோவே, ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டை 499 கோடி ரூபாய்க்குப் பேசி முடித்தது. செய்தி, கிரிக்கெட், சமையல் என்று சில இணையதளங்கள்தாம் சொத்து. ஆண்டு வருமானமோ விலையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்து யாரை யார் வாங்குவார் என்று உடனே ஜோசியம் கிளம்பிற்று. மறு ஆண்டே உலகெங்கும் இணையப் பங்குகள் சரிந்தன. விற்றவர் கெட்டிக்காரர் ஆனார்.

விற்க மறுத்த கதையும் உண்டு. 2008-இல் மைக்ரோசாஃப்ட் யாஹூவை 4,460 கோடி டாலருக்குக் கேட்டது. போதாது என்றது யாஹூ. 2017-இல், அலிபாபா பங்குகள் நீங்கலாக, அதன் இணையத் தொழில் வெரைசனுக்குச் சுமார் 448 கோடி டாலருக்குப் போயிற்று.

எங்கள் பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து மாட்டு விலை பேசுவது பழைய வழக்கம். சுற்றி நிற்பவர்களுக்கு முகம் தெரியும், விரல் தெரியாது. ஆனாலும் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், மடியைத் தடவிப் பார்க்கலாம். இணையக் கம்பெனிக்கு ஏது பல்? நாளைக்குக் கூட்டம் வரும் என்ற நம்பிக்கையும், பக்கத்து வியாபாரி ஓட்டிக்கொண்டு போய்விடுவானோ என்ற பயமும் சேர்ந்ததுதான் அதன் விலை.

வேடிக்கை பார்ப்பதில் தோஷமில்லை. ஆனால் வதந்தியை நம்பி, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் பங்கு வாங்குகிற சம்பளக்காரர் வேடிக்கை பார்ப்பவர் அல்லர். விரலைப் பார்க்காமலே விலை கொடுப்பவர் அவர்தான்.