போன வழியும் வந்த வழியும்

சேது யாத்திரை போகிறவர்கள் பாவத்தைத் தொலைக்கப் போவார்கள். நான் போனது ஒரு தொடர்கதையைத் தேடிக்கொண்டு. பத்திரிகை ஆசிரியர் ஒருவர், "தனுஷ்கோடிப் புயலை வைத்து எழுதுங்களேன். நடு ராத்திரியில் ஒரு ரயில் அப்படியே கடலுக்குள் போகிறது. அது ஒன்று போதுமே, முப்பது வாரம் ஓடுமே!" என்று தூண்டிவிட்டிருந்தார். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தூண்டில் வேண்டுமா? மதுரையில் ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டுவிட்டேன்.

எனக்குத் தனுஷ்கோடி மேல் பரம்பரைப் பாத்தியதை ஒன்றும் உண்டு. எங்கள் தாத்தா கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வந்து திரும்புவார். எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் கொழும்புக் கோட்டை வரைக்கும் போய்விடலாம் என்பதைக் கடைசி வரையில் ஓர் அதிசயம் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். போட் மெயில் என்று அந்த ரயிலுக்குப் பெயர். தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கி நாலு அடி நடந்தால் கப்பல். இர்வின் என்று ஒன்று, கோஷன் என்று ஒன்று. இரண்டு மணி நேரம் கடற்காற்று வாங்கினால் தலைமன்னார். அங்கே இன்னொரு ரயில் பெருமூச்சு விட்டுக்கொண்டு காத்திருக்கும். கப்பலில் குடித்த காப்பியைப் பற்றியும், கூடவே பறந்து வந்த கடற்பறவைகளைப் பற்றியும் தாத்தா சொல்லிச் சொல்லி, நான் பார்க்காத அந்தத் துறைமுகம் எனக்கு எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி ஆகிவிட்டது.

பரமக்குடி தாண்டி, ராமநாதபுரமும் தாண்டினோம். இரு பக்கமும் சீமைக் கருவேல மரங்கள். அந்தக் காட்சியை வர்ணிக்க எனக்கு ஆசையில்லை, வாசகர்களுக்கும் இராது. இந்தச் சீமையை ஆண்டவர்களுக்குச் சேதுபதி என்று பட்டம். சேதுவுக்குக் காவல் என்பதே அவர்களுடைய கௌரவம். அக்கரையில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளும் தங்கள் காசில் 'சேது' என்றே பொறித்துக்கொண்டார்கள். ஒரு மணல் திட்டின் பெயரில் இரண்டு கரையிலும் ராஜாக்களுக்குப் பெருமை!

கார் ஓட்டியவர் முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாதவர். கூடலூர்ப் பக்கம் சொந்த ஊர் என்று மட்டும் சொல்லியிருந்தார். மண்டபத்தை நெருங்கும்போது அவராகவே வேகத்தைக் குறைத்து, "சார், மண்டபம் காம்ப் ஸ்டேஷன் இங்கதானே வரும்?" என்று கேட்டார்.

"ஆமாம். ஏன் தம்பி, யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா?"

"இல்ல சார். அம்மா சொல்லும். சிலோன்லேர்ந்து வந்தப்ப இங்கதான் கொண்டாந்து வெச்சாங்களாம்."

அவ்வளவுதான். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பாம்பன் பாலம் வந்துவிட்டது. பாலத்தைக் கண்டதும் என் புத்தி கதைக்குத் தாவிவிட்டது.

1914-ஆம் வருஷம் பிப்ரவரி 24-இல் திறந்த ரயில் பாலம் அது. 145 கண்கள், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவிலே கப்பல் வந்தால் இரண்டு கை விரிவது போல் பிளந்து வழிவிடும் தூக்குப் பகுதி. ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் அதைத் திறப்பார்கள். பாலம் வந்ததும் தூத்துக்குடிக்கு இருந்த கொழும்புப் பிரயாணிகள் கூட்டம் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இன்னொரு வேடிக்கை: அந்தக் காலத்தில் பெரிய லைன் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குத்தான். ராமநாத சுவாமி இருக்கும் ராமேசுவரத்துக்குக் கிளை லைன்! சுவாமியைக் காட்டிலும் சுங்கச் சாவடிக்கு மரியாதை. அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். அதில் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்புகிறது. கார்கள் போகும் சாலைப் பாலம் 1988-இல் வந்தது. அதன் மேல் காரை நிறுத்தக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் நிறுத்துகிறார்கள். நாங்களும் நிறுத்தினோம்.

ராமேசுவரத்தைத் தாண்டியதும் பூமி இளைத்துக்கொண்டே போகிறது. வரைபடத்தில் பார்த்தால், தீவு ஒரு கையை இலங்கை பக்கம் நீட்டியது போலவும், பாதியில் என்னவோ யோசனை வந்து நிறுத்திக்கொண்டது போலவும் இருக்கும். இடது புறம் ஒரு கடல், வலது புறம் ஒரு கடல். வங்காளக் குடாவைப் பெண் கடல் என்கிறார்கள்; குளத்தைப் போல் அடங்கிக் கிடக்கிறது. மன்னார் வளைகுடா ஆண் கடல். அது சதா கரையோடு சண்டை போடுகிறது. சாஸ்திரக்காரர்கள் மகோததி, ரத்னாகரம் என்பார்கள். காசிக்குப் போகிறவர்கள் இங்கிருந்து மணலை எடுத்துப்போய்க் கங்கையில் போட்டு, கங்கையை எடுத்து வந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். நடுவில் தார்ச் சாலை பளபளவென்று ஓடுகிறது. இது 2017-இல் வந்தது. அதற்கு முன்னே முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அப்புறம் மணலில் ஜீப்போ வேனோதான்.

வழியில் கோதண்டராமர் கோயில். விபீஷணனுக்கு ராமர் பட்டம் கட்டிய இடம் என்பது ஐதீகம். 1964-ஆம் வருஷப் புயலுக்கு இந்தக் கோயில் தப்பி நின்றது. அண்ணனுடைய ஊரை விட்டு ஓடி வந்தவனுக்கு அடைக்கலம் தந்த இடம். பட்டம் ஏற்ற விபீஷணன் பிற்பாடு, பாலத்தை இப்படியே விட்டால் யார் யாரோ வருவார்களே என்று பிரார்த்திக்க, ராமர் வில்லின் நுனியால் அதை உடைத்தார் என்றும், அதனால்தான் தனுஷ்கோடி என்று பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். அடைக்கலம் கிடைத்தவனே வழியை அடைக்கச் சொன்னான் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உறுத்திக்கொண்டிருக்கும் சமாசாரம்.

பழைய ஊரில் இறங்கினோம். மாதா கோயிலின் சுவர் நிற்கிறது, கூரை இல்லை. ரயில்வேயின் தண்ணீர்த் தொட்டி இருந்த கட்டடம் நிற்கிறது. தபாலாபீஸ், பள்ளிக்கூடம் என்று காட்டுகிற இடங்களில் பவளப்பாறைக் கற்கள் பல் விழுந்த வாய்போல் தெரிகின்றன. சங்கு விற்கிறார்கள், வறுத்த மீன் விற்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை மணலில் கையால் தோண்டிய ஊற்றிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். இரண்டு சமுத்திரத்துக்கு நடுவில் இனிப்பான தண்ணீர்! அள்ளிக் குடித்துப் பார்த்தேன், நிஜந்தான்.

இனி அந்த ராத்திரி. 1964 டிசம்பர் 22. பாம்பனிலிருந்து 11.55-க்குப் புறப்பட்ட 653-ஆம் நம்பர் பாசஞ்சர் தனுஷ்கோடியை எட்டும் தறுவாயில் சிக்னல் விளக்கு எரியவில்லை. டிரைவர் காத்துப் பார்த்தார். பிறகு ஊதிவிட்டு, வருவது வரட்டும் என்று நகர்த்தினார். அலை இருபது அடிக்கு மேல் எழும்பி வந்தது. 110 பிரயாணிகள், 5 சிப்பந்திகள் என்பது ரயில்வே கணக்கு; டிக்கெட் வாங்காமல் ஏறியவர்களுக்குக் கணக்கு ஏது? ஊரிலும் சுற்றிலும் செத்தவர்கள் 1800-க்குக் குறையாது என்பார்கள். சர்க்கார், மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று ஊரையே தள்ளுபடி செய்துவிட்டது.

பாம்பன் பாலத்திலும் 126 கர்டர்கள் கடலில் விழுந்தன. தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. செப்பனிட ஆறு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்ஜினீயர், மீனவர்கள் துப்புச் சொன்ன இடங்களில் முங்கிக் கிடந்த கர்டர்களைத் தூக்கி எடுத்து, 46 நாளில் ரயிலை ஓட்டிவிட்டார். பிற்காலத்தில் கொங்கண் ரயிலும் டில்லி மெட்ரோவும் அமைத்தவர் அவரேதான். பாலத்துக்கு 46 நாள். தனுஷ்கோடிக்கோ அறுபது வருஷமாகியும் ஒரு தண்டவாளம் திரும்பி வரவில்லை.

கதைக்கு இவ்வளவு போதும் என்று குறிப்புப் புத்தகத்தை மூடினேன். கதாநாயகி அந்த ரயிலில் வருகிறாள். கதாநாயகன் பிளாட்பாரத்தில் நிற்கிறான். முதல் அத்தியாயம்கூட மனத்தில் உருவாகிவிட்டது.

டிரைவர் ஸ்டேஷன் இடிபாட்டின் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"இதுதான் சார் அது?" என்றார். "அம்மாவோட அப்பா இதாலதான் போனாராம். பத்து வயசுல. தாய் தகப்பனோட. கங்காணி கூட்டிட்டுப் போனாராம்."

"திரும்பி வரும்போது?"

"திரும்பி வரப்ப இது ஏது சார்? எழுபத்திரெண்டுல வந்தாங்க. ராமேசுவரத்துல எறக்கினாங்களாம். தாத்தா கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தாராம்: 'போன வழியைக் காணோமே, போன வழியைக் காணோமே'ன்னு."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தாத்தா ஏறிய கப்பல்களில் இவருடைய தாத்தாவும் ஒரு தடவை ஏறியிருக்கிறார். மண்டபத்தில் இலங்கை சர்க்கார் நடத்திய முகாமில் நாள்கணக்காக அடைத்து வைத்து, அம்மையும் காலராவும் இல்லை என்று பார்த்து, குளிப்பாட்டி, மருந்து தெளித்து, எந்தத் தோட்டத்துக்கு என்று நம்பர் அடித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டித் தோட்டத்துக் கூலிகளை இந்த வழியாகத்தான் ஏற்றினார்கள். அதற்கும் முந்திய தலைமுறை அக்கரையில் இறங்கியதும் காட்டு வழியே மாத்தளை வரையில் நடந்தது. நடந்தவர்களில் போய்ச் சேராதவர்கள் ஏராளம். காப்பித் தோட்டம் நோயில் அழிந்து தேயிலை வந்தது. ஆட்களின் கடன் மட்டும் அழியவில்லை. 1939-இல் இந்திய சர்க்கார் தடுக்கிற வரையில் இந்தத் துறை வழியாகப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

தாத்தா இவர்களைப் பற்றி ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. கப்பலில் ஒரு கோடியில் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியுமா? கடற்பறவை கண்ணில் பட்டிருக்கிறது. நல்ல மனுஷர்தான், பொய் சொல்லத் தெரியாதவர். ஆனால் எதைச் சொல்லாமல் விட்டார் என்று நான் கேட்டதே இல்லை.

1948-இல் இலங்கை சர்க்கார் பிரஜா உரிமைச் சட்டம் ஒன்று போட, தோட்டத்து ஜனங்கள் எந்த நாட்டுக்கும் சேராதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, பாக்கி 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். சந்தையில் மாட்டைப் பிரிக்கிறவர்கள்கூட மாட்டின் முகத்தைப் பார்ப்பார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம் முடிவதற்குள் புயல் வந்து, அவர்கள் போன வழியையே துடைத்துவிட்டது.

"அங்க இந்தியாக்காரன், கள்ளத்தோணின்னு சொன்னாங்களாம். இங்க வந்தா சிலோன்காரன். எங்க அம்மாவுக்கு ஊர்ல இப்பவும் சிலோன்காரம்மான்னுதான் சார் பேரு" என்று சொல்லிச் சிரித்தார் அவர். கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை இன்னும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதாம். நீலகிரியில் மறுபடியும் தேயிலையே பறித்தார்களாம்.

அரிச்சல்முனைக்குப் போனோம். சாலை ஒரு வட்டம் அடித்து, அசோகச் சிங்கம் வைத்த தூணைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடுகிறது. அப்புறம் மணல், அப்புறம் இரண்டு கடலும் ஒன்றோடு ஒன்று மோதும் இடம். அதற்கு அப்பால் மணல் திட்டுகள் தலைமன்னாரை நோக்கி வரிசையாகப் போகின்றன. 2022-இல் இலங்கையில் பாலுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் போனபோது, கைக்குழந்தையோடு வந்தவர்களைப் படகோட்டிகள் இந்தத் திட்டுகளில் ஒன்றில் இறக்கிவிட்டுப் போனார்கள். கடலோரக் காவல் படை போய் அழைத்து வந்தது.

திடீரென்று டிரைவருடைய கைபேசி கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தவர் என்னிடம் நீட்டினார். ஸ்ரீலங்காவுக்கு அன்புடன் வரவேற்கிறோம் என்று செய்தி! அக்கரைக் கோபுரம் ஒன்று எங்களைப் பிடித்துக்கொண்டுவிட்டது. சுற்றிலும் நின்றவர்களுக்கும் அதே செய்தி வந்து, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, ரோமிங்கில் பணம் போய்விடும் என்று கைபேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் எல்லா வண்டிகளையும் போலீஸார் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வருகிற வழியில் நானே மண்டபம் காம்ப்பில் நிறுத்தச் சொன்னேன். முகாமுக்குள் இஷ்டப்படி நுழைய முடியாது. 1983-க்குப் பிறகு வந்த அகதிகளில் பலர் இன்னமும் அங்கே இருக்கிறார்கள். ரயில் நிலையத்துப் பெயர்ப் பலகைக்கு முன்னால் டிரைவர் நின்றுகொள்ள, நான் படம் எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே அம்மாவுக்கு அனுப்பி வைத்தார்.

ராமநாதபுரத்தில் தேநீர் குடிக்கும்போது பதில் வந்தது. அந்த அம்மாளுக்கு எழுதத் தெரியாது; குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். டிரைவர் கைபேசியை எனக்கும் கேட்கும்படி பிடித்தார்.

"போர்டு எல்லாம் ஞாபகம் இல்லடா. அங்க ஒரு குழாய் இருக்கும், அதுல எப்பப் பார்த்தாலும் கூட்டமா இருக்கும். அது இருக்கான்னு பார்த்தியா?"